தகுதியுள்ள தும்மல்

அந்தப் பெரிய மருத்துவமனையின் தீக்காய வார்டில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. அதற்குள் ஓர் ஊசி மருந்து இருந்தது. நெருப்பில் தோல் போன இடத்தில் கிருமிகளைத் தடுத்துக் கேட்க ஆள் கிடையாது; தாராளமாக உள்ளே வரும். அவற்றில் சில, எந்த மருந்தைக் கொடுத்தாலும் அசைந்து கொடுக்காத கிருமிகள். அப்படிப்பட்டவற்றுக்காக மட்டும் இந்த மருந்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார் வார்டு டாக்டரம்மா. அவசரத்தில் யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று ஃபிரிட்ஜின் மேல் 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதி ஒட்டினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. நாற்காலியோ, கார் நிறுத்தும் இடமோ, கழிப்பறையோ, 'ஒதுக்கப்பட்டது' என்று எழுதிய எதைப் பார்த்தாலும் அலுவலக மனிதருக்கு எழும் முதல் கேள்வி, யாருக்கு என்பது.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வார்டைச் சுற்றி வந்தபோது ஃபிரிட்ஜின் முன்னால் நின்றார்.

"இது யாருக்கும்மா?"

"யாருக்குன்னு இல்ல சார். வேற எதுவும் கேக்காதப்ப கொடுக்கறது."

"ரொம்ப வீரியமோ?"

"இதுக்கு மேல மருந்தே இல்ல சார்."

அந்த வாக்கியம் கண்காணிப்பாளரின் மனதில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது. இதற்கு மேல் மருந்தே இல்லை. கண்காணிப்பாளருக்கு மேலே ஓர் இயக்குநர் இருந்தார். இயக்குநருக்கு அன்று காலையிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"சார், சளிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "சளி தானா வந்து தானா போயிடும்."

"நீங்க சளியப் பத்திப் பேசறீங்க. நான் இயக்குநரைப் பத்திப் பேசறேன்" என்றார் கண்காணிப்பாளர்.

இயக்குநர் வந்தார். தீக்காய வார்டில் நோயாளிகளைத் தனியாக வைக்க ஓர் அறை உண்டு. மருத்துவமனையிலேயே நன்றாகக் குளிரும் ஏசி அங்கேதான் என்பதால் இயக்குநரை அங்கே படுக்க வைத்து மருந்தை ஏற்றினார்கள். சளி தன் வழக்கப்படி வந்து, தன் வழக்கப்படி போனது. பெயர் மருந்துக்குப் போனது.

"இன்னும் பாதி நாள் ஊசி பாக்கி இருக்கு சார்" என்றார் நர்ஸ்.

"தும்மல்தான் நின்னுடுச்சே, சும்மா எதுக்குக் குத்திக்கிட்டு?" என்று இயக்குநர் எழுந்து போய்விட்டார்.

அடுத்த கூட்டத்தில் அவர் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி பளிச்சென்று தெரிந்தது. "சாதாரண மருந்தெல்லாம் எனக்குக் கேக்கறதில்ல. அந்தக் கடைசி மருந்துதான்" என்றார். கூட்டம் எதற்காகக் கூடியது என்பது அதோடு எல்லோருக்கும் மறந்துபோனது.

கூடுதல் இயக்குநருக்கு மறுநாளே தொண்டை கட்டியது. இணை இயக்குநர் ஈரத் தலையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தார். பாழாய்ப்போன உடம்பு கல்லுப்போல் இருந்தது. தமக்குச் சளி பிடிக்கும் அறிகுறிகள் தென்படுவதாகக் கடிதம் எழுதினார். அலுவலர் குடியிருப்பில் பெண்கள் துணி காயப்போடும்போது, "உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் மாத்திரைதானா, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள்.

நெரிசல் தாங்காமல் ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல் நிலை அலுவலர்கள் எவ்விதத் தும்மலுக்கும் மேற்படி மருந்தைப் பெறத் தகுதியுடையவர்கள். இரண்டாம் நிலை அலுவலர்கள் காய்ச்சலுடன் கூடிய தும்மலுக்கு மட்டும் தகுதியுடையவர்கள். ஏனையோர் தும்முவதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

தகுதியுடையோர் அந்த ஏசி அறைக்கு வந்தார்கள், படுத்தார்கள், பாதி ஊசியோடு எழுந்து போனார்கள். மருந்தைப் பாதியில் விட்டால், உடம்பில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகளில் சாகாமல் தப்பியது அந்த மருந்தோடு பழகிவிடும். பழகியதோடு நிற்காமல் பக்கத்துக் கிருமிக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும். அலுவலர்கள் பிடித்த கட்டில் கம்பியிலும், கை கழுவிய தொட்டியிலும், பார்க்க வந்தவர்கள் குலுக்கிய கைகளிலும் அது குடியேறிக்கொண்டது. அதற்குப் பணிமூப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பன் அண்ணன் வந்து சேர்ந்தார்.

மருத்துவமனைக்கு எதிரே பேக்கரி வைத்திருந்தவர். ஊரில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் பன் அண்ணன்தான். கொதிக்கிற சர்க்கரைப் பாகை இறக்கும்போது பாத்திரத்தின் பிடி கழன்று, பாகு முழுக்க வலது கையில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். அலறியபடி வந்தவரை டாக்டரம்மா சேர்த்துக்கொண்டு, புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கட்டைப் பிரித்தபோது புண் பச்சை பூத்திருந்தது. வாடை முகத்தில் அடித்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து பதில் வந்தது: வழக்கமான மருந்து எதுவும் இந்தக் கிருமியிடம் செல்லாது.

பன் அண்ணன் பிதற்றத் தொடங்கினார். "அடுப்ப அணைச்சியா? ரொட்டி கருகுது பாரு..."

"அணைச்சாச்சுங்க. நீங்க தூங்குங்க" என்றாள் அவர் மனைவி. அவள் பேக்கரியைத் திறந்தே பல நாள் ஆகியிருந்தது.

டாக்டரம்மா கண்காணிப்பாளரிடம் ஓடினார். "சார், அந்த மருந்து உடனே வேணும்."

"நோயாளி எந்த நிலை?"

"கவலைக்கிடமான நிலை சார்."

"உடம்பு நிலையக் கேக்கல. பதவி நிலை."

"பன் சுடறவர் சார்!"

கண்காணிப்பாளர் ஈரமில்லாதவர் அல்ல. அவரும் பன் அண்ணன் கடையில் காலை ரொட்டி வாங்குகிறவர்தான். அதற்காக விதியை மீற முடியுமா? நெற்றியைத் தேய்த்து யோசித்தார். விதியை வளைக்க முடியாது, ஆளை வளைத்துவிடலாம். மருத்துவமனையின் கௌரவ ரொட்டி ஆலோசகராக, முதல் நிலையில், பன் அண்ணன் நியமிக்கப்பட்டார்.

"ஆலோசகர்னா இவரு என்னங்க செய்யணும்?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. அதனாலதான் அது முதல் நிலை."

நினைவு இல்லாதவரின் இடது கட்டைவிரலை மையில் தொட்டுப் பதவியேற்க வைத்தார்கள். வாழ்த்திக் கை குலுக்க வந்தவர்களை டாக்டரம்மா கதவுக்கு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். தகுதி பெற்ற உடம்புக்குள் மருந்து இறங்கியது.

காய்ச்சல் இறங்கவில்லை. பச்சை முழங்கையை நோக்கி ஏறியது. மறுபடி பரிசோதனை. இந்தக் கிருமி கடைசி மருந்தையும் தின்று செரித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

கண்காணிப்பாளருக்கு அதிர்ச்சி. "எப்படிம்மா? இயக்குநருக்கே கேட்ட மருந்தாச்சே!"

"அவர்கிட்டதான் சார் கிருமி பாடம் படிச்சுது" என்றார் டாக்டரம்மா. அவர் கண்கள் சிவந்திருந்தன. கோபமா தூக்கமின்மையா என்று கண்காணிப்பாளர் விசாரிக்கவில்லை.

பன் அண்ணனின் மனைவி டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை போனாலும் போகட்டும்மா. ஆள மட்டும் கொடுத்துடுங்க."

டாக்டரம்மா மருந்துக் கிடங்குக்குப் போனார். வெகு காலத்துக்கு முன்னால் சிறுநீரகத்தைப் படுத்துகிறது என்று ஓரங்கட்டிய ஒரு மருந்து நினைவுக்கு வந்திருந்தது. தேதி முடியாத சில குப்பிகள் அடித்தட்டில் கிடந்தன. மலிவான மருந்து. கவர்ச்சியான பெயர்கூடக் கிடையாது. கிருமிமீது சோதித்துப் பார்த்தார், கிருமி சுருண்டது. அழுகிய தோலை அறுத்தெடுத்து, அளந்து அளந்து அந்த மருந்தை ஏற்றி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சிறுநீரின் அளவைக் கவனித்தார்.

காய்ச்சல் விட்டது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் போயின. ஆள் பிழைத்தார்.

"மத்த எதுவும் கேக்கல, இது மட்டும் எப்படிம்மா கேக்குது?" என்று கண்காணிப்பாளர் வியந்தார்.

"இதை யாரும் கேக்கல சார். அதான் கேக்குது."

பேக்கரி மறுபடி திறந்தது. பன் அண்ணன் மூன்று விரலால் மாவு பிசையக் கற்றுக்கொண்டார். கல்லாவில் மனைவி உட்கார்ந்தாள். கடையில் முன்னைவிடக் கூட்டம். செத்துப் பிழைத்த கையால் ரொட்டி வாங்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஒரு மாலை டாக்டரம்மாவும் ரொட்டி வாங்க வரிசையில் நின்றார். முன்னால் ஒருவர் லொக்கு லொக்கு என்று இருமினார். பன் அண்ணன் குரலைத் தாழ்த்தி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "புது மருந்தெல்லாம் வேஸ்ட்டு தம்பி. பழசு ஒண்ணு இருக்கு, அதக் கேளுங்க. கண்காணிப்பாளர்கிட்ட என் பேரச் சொல்லுங்க. நான் இன்னும் ஆலோசகர்தான், யாரும் நீக்கல."

டாக்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே! என்ன காரியம் பண்றீங்க? இருமலுக்குப் போய் அந்த மருந்தா? கண்டவங்களும் வாங்கிப் போட்டுக்கிட்டா அதுவும் கேக்காமப் போயிடும். உங்களுக்கு நடந்ததே மறந்துபோச்சா?"

பன் அண்ணன் மெய்யாகவே புண்பட்டுப் போனார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி அவரிடம் நீட்டினார்.

"அதெல்லாம் எனக்கு நல்லாப் புரியும் டாக்டரம்மா. கண்டவங்களுக்குக் கொடுக்கக் கூடாது. அதனாலதான் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் சொல்றேன்."

டாக்டரம்மா திரும்பி வரிசையைப் பார்த்தார். தெருமுனை வரை நின்ற அத்தனை பேரும் பன் அண்ணனுக்குத் தெரிந்தவர்கள்தான். அவர்களில் பாதிப் பேர் அதற்குள் இருமத் தொடங்கியிருந்தார்கள்.