சட்டை இன்னும் காயவில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் வரை வகுப்பில் முதலாவதாக இருந்த உன் தங்கை எழுதிக்கொள்வது. அப்பா, அம்மா, ஒழுகும் சமையலறைக் குழாய் எல்லாரும் நலம். நான் நலமில்லை. அத்தானின் இருமலை விசாரிக்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் வயிறு எரிகிறவளுக்கு அடுத்தவர் இருமல் எங்கே நினைவிருக்கும்?

விஷயம் இதுதான். பள்ளி இறுதித் தேர்வில் கேள்வி கேட்கும் முறையையே மாற்றிவிட்டார்களாம். உன் காலத்தில் 'ஆவியாதல் என்றால் என்ன?' என்று மரியாதையாகக் கேட்டார்கள். நீயும் புத்தகத்தில் இருந்ததை அப்படியே கக்கிவிட்டு, மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு, கல்யாணமும் செய்துகொண்டு போய்ச் சேர்ந்தாய். எங்களுக்கு வந்த மாதிரித் தாளைக் கேள்: 'மழை நாள். இருப்பது ஒரே சட்டை, அதுவும் ஈரம். இரண்டு மணி நேரத்தில் வேலைக்கான நேர்காணல். வீட்டில் கயிறும் மின்விசிறியும் உண்டு. என்ன செய்வீர்கள்? ஏன்?' நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஆவியாதலின் வரையறை, கொதித்தலுக்கும் அதற்கும் ஆறு வேறுபாடுகள், நீர்ச் சுழற்சிப் படம், மேகத்துக்கு நிழல்கூடத் தீட்டி, மூன்று பக்கம். ஐந்துக்கு ஒன்று. ஓரத்தில் அறிவியல் டீச்சர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'சட்டை இன்னும் காயவில்லை.'

அதையாவது பொறுத்துக்கொள்வேன். கடைசி பெஞ்சில் கொட்டாவி என்று ஒருத்தி இருக்கிறாள். சலவைக் கடைக்காரர் மகள். முதல் மணி அடித்ததும் வாயைத் திறந்தால் கடைசி மணிக்குத்தான் மூடுவாள், பேர் வந்ததே அப்படித்தான். அவளுக்கு ஐந்துக்கு ஐந்து! எழுதியது மொத்தம் நாலு வரி. அதை டீச்சர் நிற்க வைத்து வாசிக்கச் சொல்ல, வகுப்பே கை தட்டியது. நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

மதிய இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து இதே பேச்சு. "இனிமே கேள்வி புத்தகத்துலேருந்து வராதாம், வீட்லேருந்துதான் வருமாம்" என்றாள் வகுப்புத் தலைவி. "அப்போ வீட்டுக்கு யாரு நோட்ஸ் போடுவாங்க?" என்றேன். "நோட்ஸ் எதுக்கு? யோசிச்சு எழுதணும், அவ்வளவுதான்." "எத்தனை பக்கத்துக்கு யோசிக்கணும்?" நான் நிஜமாகவேதான் கேட்டேன் அக்கா, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எல்லாத் தலையும் கொட்டாவி பக்கம் திரும்பியது. "நீ சொல்லுடி, எப்படி எழுதணும்?" நாலு வருஷமாக அந்தக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரிடமோ ரகசியமாக டியூஷன் போகிறாள் என்று முடிவு கட்டி, சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவின் சட்டையைத் தேய்க்கக் கொடுக்கிற சாக்கில் அவள் கடைக்கே போனேன். பின்கட்டில் ஈரப் படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நல்ல நேரத்துல வந்தே, அந்த முனையைப் பிடி" என்றாள். பிடித்துக்கொண்டே, "டியூஷன் யார்கிட்ட?" என்று கேட்டேன். "டியூஷனா? இந்தக் கொடிதான். துணி காயலேன்னா அப்பாவுக்குத் திட்டு விழும். அந்த மூலையில போட்டா நாள் முழுக்கக் காயாது, இந்த சன்னல் பக்கம் போட்டா மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும். ஈரக் காத்து அங்கேயே நின்னா துணி எப்படிக் காயும்? அதைத் தள்ளி விடணும்ல?" சொல்லி முடிப்பதற்குள் சன்னல் காற்றில் அந்த விரிப்பு பளீரென்று என் முகத்தில் அறைந்தது. 'காற்று வீசினால் ஆவியாதல் வேகமாகும்' என்று பத்துத் தடவை மனப்பாடம் செய்த வரி அந்த நிமிஷம்தான் புரிந்தது. இத்தனை சுலபமா என்று ஆத்திரமும் வந்தது. "உனக்கென்ன, உங்க வீட்லயே விடை தொங்குது. எங்க வீட்ல துணி காயப்போடறது அம்மா" என்றேன். "அம்மாவுக்கு உதவி பண்ணா வேணாம்னா சொல்வாங்க?" என்றாள், கொட்டாவி விட்டுக்கொண்டே.

அடுத்த தேர்வில் நான் ஐந்துக்கு நாலு. அவள் மறுபடியும் ஐந்து! ஆகவே அக்கா, அப்பாவுக்கு உடனே போன் போட்டு என்னை 'ஆ' பிரிவுக்கு மாற்றச் சொல். கண் முன்னால் அவளை வைத்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது. அத்தானுக்கு என் வணக்கமும், உனக்கு, பழைய முறையில் தேறியதற்கான மன்னிப்பும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள இரண்டாவது ரேங்க்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வகுப்புத் தலைவி ஓடி வந்தாள். புது முறை அடுத்த வருஷத்திலிருந்துதானாம், எங்களுக்குப் பழைய கேள்வியேதானாம். "உனக்கு ஜாலிதான்!" என்றாள். நான் குதித்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. பிரிவு மாற்றமெல்லாம் வேண்டாம், அப்பாவிடம் மூச்சு விடாதே. வரையறை நோட்டை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குக் கிளம்பிவிட்டேன், கொட்டாவிக்கு ஒன்றுகூட மனதில் நிற்காது. வாசலில் கீழ் வகுப்புப் பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டு போகிறார்கள். ஒன்றும் தெரியாத மூஞ்சிகள். அந்த அருமையான கேள்வியெல்லாம் இதுகளுக்காம், அக்கா!