வச்சிடவா?

"இருபத்தோரு நிமிஷம்," என்றார் புரூஃப்காரர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். "இதுல நீ பேசினது ஒன்பது. மிச்சம் பன்னிரண்டும் 'வச்சிடவா'."

மனைவி அப்போதுதான் ரிசீவரை வைத்திருந்தாள். கடல் தாண்டி இருக்கும் ஒரே மகளுக்கு ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்குப் போடும் போன் அது. வெளிநாட்டுக்குப் பேசினால் நிமிடத்துக்கு நிமிடம் மீட்டர் ஓடிய காலம்.

"டக்குன்னு வச்சா நல்லாவாங்க இருக்கும்?"

"ஒன்பதாவது நிமிஷத்துல 'சரி, வச்சிடவா'ன்னே. அவளும் 'சரிம்மா'ன்னா. அதோட முடிஞ்சுதா இல்லையா? அப்புறம் மாடிக் குழாய் கதை. திரும்ப 'வச்சிடறேன்'. அப்புறம் என் பல் வலி. நானும் எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினோரு தடவை வச்சிடறேன்னு சொன்னே. ஒரு தடவைகூட வைக்கலே."

அச்சகத்தில் முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதியதை அடித்துத் திருத்திப் பிழைக்கிறவர் அவர். சட்டைப்பையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் தெருவில் கிடையாது. "என்ன சார், வெளியில கிளம்பிட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "கிளம்பினது தெரியுதில்ல, அப்புறம் என்ன கேள்வி?" என்பார். அதனால் அவர் முகத்துக்கு நேரே யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாவற்றையும் அவர் தெருமுனை திரும்பியபின் பேசிக்கொள்வார்கள்.

"அவளைப் பார்த்தே நாலு வருஷம் ஆகுதுங்க," என்றாள் மனைவி. "பேத்தியைப் போட்டோலதான் பார்த்திருக்கேன். போன்லயும் பேசக் கூடாதுன்னா..."

"டிக்கெட் பேச்சை எடுக்காதே. மூணு பேர், போக வர. அவங்களுக்கு அங்க வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்குது. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு டெபாசிட். அதைத் தொட மாட்டேன்னு போன மாசமே சொல்லிட்டேன்."



அன்றைக்கே உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு அவள் பேச வேண்டியதை எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதுவதும், எழுதிய கையோடு அடிப்பதுமாக வேலை நடந்தது.

"முதல்ல 'சாப்டியா?'"

அடித்தார். "அங்க அப்ப மத்தியானம் ரெண்டரை மணி. சாப்பிட்டிருப்பா."

"சாப்பிடலேன்னா?"

"சாப்பிடலேன்னா இங்கேருந்து ஊட்டி விடப் போறியா?"

'அப்புறம்', 'வேற என்ன', 'உடம்பைப் பார்த்துக்கோ' எல்லாம் சிவப்பில் மூழ்கின. கடைசி வரியாக அவரே, 'முடிந்ததும் ரிசீவரை அதன் இடத்தில் ஒழுங்காக வைக்கவும்' என்று எழுதி, தொழில் புத்தி விடாமல், 'அதன் இடத்தில் ஒழுங்காக' என்பதையும் அடித்தார்.

"வைன்னாலே போதும். வேற எங்க வைக்கப் போறே?"

"நீங்க எழுதினபடியே செஞ்சிடறேங்க," என்றாள் அவள்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இன்னும் நாலைந்து வாதம் கைவசம் வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிறு வந்தது. செய்தி வாசிப்பதுபோல அவள் வாசித்தாள்.

"மழை பெய்தது. அப்பாவுக்குப் பல் வலி தேவலை. மாடிக் குழாய் மாற்றியாயிற்று. நீங்கள் நலம் என்று நினைக்கிறேன்."

"அம்மா? என்னம்மா, யாரோ மாதிரி பேசறே?" என்று அந்தப் பக்கம் மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை வைத்தாள். மேசைமேல், போன் பில்லுக்குப் பக்கத்தில்.

புரூஃப்காரரின் கண் கடிகாரத்தில் இருந்தது. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அந்தப் பெருமையில் செருப்பை மாட்டிக்கொண்டு காலாற நடக்கப் போனார்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பினால் வாசலில் கூட்டம். தெருமுனை மருந்துக்கடைக்காரர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். பின்னால் கீழ்வீட்டு டெய்லர், கழுத்தில் அளவு நாடாவோடு.

"என்ன சார் ஆச்சு வீட்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர். "உங்க மாப்பிள்ளை அங்க பக்கத்து வீட்டு போன்லேருந்து என் கடைக்குக் கூப்பிட்டாரு. அம்மா 'வச்சிடறேன்'னு சொல்லாமலே பேச்சு நின்னு போச்சாம். லைன் மட்டும் திறந்தே இருக்காம். என்னமோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டுதாம்."

மூன்று பேரும் பதறிக்கொண்டு உள்ளே போனார்கள். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் ரிசீவர் மெல்லிய குரலில் "அம்மா, அம்மா" என்று அரற்றிக்கொண்டிருந்தது.

"இங்கேயா வச்சே?"

"எங்கேன்னு எழுதியிருந்ததை நீங்கதானேங்க அடிச்சீங்க."

டெய்லர் சுவர்ப் பக்கம் திரும்பி இருமினார். அந்த இருமல் அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

புரூஃப்காரர் ரிசீவரை எடுத்தார். மகளின் அழுகையை நிறுத்த எட்டு நிமிடம். நடந்ததை விளக்க ஆறு. அதன்பிறகு, "சரிப்பா, வச்சிடவா? அம்மா நிஜமாவே நல்லா இருக்காங்கல்ல? சரி, வச்சிடறேன். அம்மாகிட்ட ஒரு வார்த்தை குடுங்கப்பா" என்பதில் பதினான்கு.

"பேசேன்டி," என்று நீட்டினார்.

ஈரக் கையால் அவள் அந்தத் தாளைச் சுட்டிக் காட்டினாள். "இதுக்குமேல ஒண்ணும் எழுதலையேங்க."

"ஏன்ப்பா அம்மா பேச மாட்டேங்கறாங்க? உங்களுக்குள்ள சண்டையா?"

அது இன்னொரு ஒன்பது நிமிடம்.

பேசினால்தானே வம்பு என்று, அதே மூச்சில் மகளிடம் புதுத் திட்டத்தை அறிவித்தார். "இனிமே பேச்சே கிடையாது. மணி மட்டும்தான். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு ஒரு மணி அடிச்சு நின்னா நாங்க நலம். ரெண்டு அடிச்சா நீ இங்க கூப்பிடு. அந்த நேரத்துல யாரும் போனை எடுக்கக் கூடாது. எடுத்தா மீட்டர் ஓடும்."

"அப்ப அம்மா குரல்?"

"அந்த மணியையே அம்மா குரல்னு நினைச்சுக்கோ."

மூன்றாவது ஞாயிறு அச்சகத்தில் அவசர வேலை. ஒரு ஜவுளிக்கடையின் நோட்டீஸ், இரண்டாயிரம் பிரதி. அதைத் திருத்திக்கொண்டிருந்தபோது முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"யோவ், உம்ம பொண்ணு வெளிநாட்டுலேருந்து. அழுவுது. என்னதான்யா பண்றீரு வீட்ல?"

ஓடிப்போய் எடுத்தார்.

"அப்பா, ஏழு தடவை அடிச்சுதுப்பா. ஒண்ணு ஒண்ணா ஏழு. பயந்து போய் நானே கூப்பிட்டா அம்மா எடுக்கவே மாட்டேங்கறாங்க. அடிச்சுக்கிட்டே இருக்கு."

"நல்லாதாம்மா இருக்கா. எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

"எதுக்குப்பா சொன்னீங்க? நீங்க சொல்றதை நான் நம்பத் தயாரா இல்லை. அம்மாவை நேர்ல பார்த்தாதான் எனக்கு மூச்சு வரும். இவரு இன்னொரு கடன் வாங்கறேங்கறாரு. நாங்க கிளம்பி வர்றோம்."

அவர் போனில் மன்றாடிக்கொண்டிருந்த நேரத்தில் நோட்டீஸ் இயந்திரத்துக்குப் போய்விட்டது. ஜவுளிக்கடையின் 'திறப்பு விழா', இரண்டாயிரம் தாளிலும் 'இறப்பு விழா' என்று அச்சாகி வந்தது. அனைவரும் குடும்பத்துடன் வருமாறு அழைப்பு வேறு. திரும்ப அடிக்கும் செலவு அவர் சம்பளத்தில்.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு மணிதானே அடிக்கச் சொன்னேன்? ஏழு எதுக்கு?"

"ஒண்ணுதாங்க அடிச்சேன். அங்க கேட்டுதா கேக்கலையான்னு நமக்கு எப்படித் தெரியும்? அதான் ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு."

"ஏழு அடிச்சா அவ என்னன்னு நினைப்பா?"

"நீங்க ரெண்டோட நிறுத்திட்டீங்களே. ஏழுக்கு என்னன்னு எழுதியிருந்தா பார்த்திருப்பேன்."

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார். திருத்துவதற்கு ஒரு பிழையும் கிடைக்காமல் மூடினார்.

திங்கட்கிழமை காலை பால் வாங்கப் போனவரை வழியில் நிறுத்தி, "பொண்டாட்டி வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டீங்களாமே சார்?" என்று டெய்லர் நேருக்கு நேராகவே கேட்டுவிட்டார். மருந்துக்கடைக்காரரோ கேட்காமலே தூக்க மாத்திரையை எடுத்து வைத்தார். மாப்பிள்ளை கடன்மேல் கடன் வாங்கி வந்து இறங்கினால் தெரு அவரை என்ன பாடு படுத்தும் என்று அவருக்கே தெரிந்தது. அன்று சாயங்காலம் மகளைக் கூப்பிட்டு, "கடன் கிடன் வாங்காதீங்க, டிக்கெட்டை நான் எடுத்து அனுப்பறேன்" என்றார். மகள் வைக்கப் பதினாறு நிமிடம் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டெபாசிட்டை முறித்தார். பணப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விமான டிக்கெட் ஆபீசுக்குள் நுழைந்து, மூவரின் பெயரும் எழுதிய சீட்டை மேசைமேல் போட்டார்.

"மூணு டிக்கெட். போக வர."

அங்கே இருந்த பெண் சீட்டைப் படித்தாள். நோட்டை இரண்டு பக்கம் புரட்டினாள். அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புதுசா எதுக்கு சார்? ரெண்டு வாரம் முன்னாடி திங்கக்கிழமையே உங்க வீட்டம்மா வந்து முன்பணம் கட்டி மூணையும் பதிஞ்சுட்டுப் போயிட்டாங்களே. மிச்சத்தை எங்க வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள தானே ஓடி வந்து கட்டுவார்னாங்க. நீங்க மூணு நாள் முன்னாடியே வந்துட்டீங்க."