ஆகாசப்படம் மறைத்த தோட்டம்

பெரிய யுத்தத்தில் துருக்கிக்காரனைத் தோற்கடித்தது யார் என்று உலகத்தைக் கேட்டால் ஏதேதோ ஜெனரல்களின் பெயரைச் சொல்லும். லிங்கி ஆற்றுப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தைக் கேட்டிருந்தால் ஒரே குரலில் 'ஆகாசப்படம்' என்றிருப்போம்.

அது நாங்கள் அவருக்கு வைத்த பெயர்; எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரர். அதற்கு முன் அந்த யுத்தத்தின்போது மெசபடோமியாவில், விமானத்திலிருந்து எடுத்த படங்களின் கண்ணாடித் தட்டுகளை மருந்துத் தண்ணீரில் கழுவிப் படம் தெரியவைத்தவர். ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணியான எனக்குத் தினமும் பாடம் நடக்கும்.

"குண்டு போடுறவனுக்குக் கண்ணு ஏது கிராணி ஐயா? மொதல்ல ஒருத்தன் போயி படம் புடிப்பான். நான் கழுவிக் குடுத்தாத்தான் எங்க போடணும்னே தெரியும்!"

அவர் காய்ச்சலில் படுத்தபோது சண்டையே நின்றுவிட்டதாம். நம்பினோம். நம்பாவிட்டால் முதலிலிருந்து சொல்வார்.

ஒருநாள் காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும் பெரட்டில் தொரை அறிவித்தார்: விமானம் வந்து தோட்டத்தைப் படம் பிடிக்கும், சீமை முதலாளிகள் சுவரில் மாட்டப்போகிறார்கள், நல்ல துணி உடுத்தித் திடலில் நிற்க வேண்டும். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமே கூத்தாடியது. பெண்கள் கல்யாணச் சேலையை வெளியே எடுத்தார்கள்.

அன்று மாலை கோயில் முன்னால் ஆகாசப்படம், "யாரும் நிக்கக்கூடாது" என்றார்.

"படம்தான் லா, புடிச்சிட்டுப் போறான்" என்றார் கங்காணி.

"கங்காணியாரே, ஒரு தட்டுல சந்தை இருந்துச்சு. கழுதை, கூடை, ஆளுங்க, எல்லாம் எறும்பாட்டம். கொஞ்ச நாள் கழிச்சு அதே எடத்தை இன்னொரு தட்டுல கழுவுனேன். சந்தையே இல்ல. நான் கழுவுன படத்தைப் பாத்துத்தான் போட்டானுங்க."

இதை மட்டும் அவர் அதுவரை சொன்னதே இல்லை. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியக்கூடாது என்று எல்லோரும் எழுந்தோம்.

திருவிழாப் பந்தலுக்கு வந்திருந்த தென்னங்கீற்றெல்லாம் தகரக் கூரைமேல் ஏறியது. கோயிலுக்கும் கீற்றுதான், மாரியம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. விமானம் வந்தபோது கல்யாணச் சேலைகளோடு ரப்பர் மரத்தடியில் பதுங்கியிருந்தோம். அந்த விமானத்திலேயே ஏறி வந்த தொரை, தன் தோட்டத்தைத் தானே தேடிக்கொண்டிருந்தார்.

அச்சாகி வந்த படத்தில் ஆறு இருந்தது, பங்களா இருந்தது. லயம் இல்லை, கோயில் இல்லை, ஆள் இல்லை. திடல் நடுவில் மட்டும் ஒரு புள்ளி.

"யார் இது?" என்று அந்தப் புள்ளியைக் காட்டிப் பெரட்டில் தொரை உறுமினார். "எல்லாம் இவன் வேலைதானே? இன்றே இவனுக்குச் சீட்டுக் கிழித்து அனுப்பிவிடுகிறேன்!"

ஆகாசப்படம் முன்னால் காலெடுத்து வைத்தார். கங்காணி முந்திக்கொண்டார்.

"மாடுங்க தொரை."

"மாடுதாங்க" என்றது மொத்தப் பெரட்டும். நானும்தான்.

பிறகு ஆகாசப்படத்தைக் கேட்டேன், "நீங்க மட்டும் ஏன் நடுத்திடல்ல நின்னீங்க?"

"எல்லாரும் சரியா மறைஞ்சிருக்கீங்களான்னு ஒருத்தன் வெளிய நின்னு பாக்கணும்ல?"

அந்தப் படத்தில் நாங்கள் யாருமே இல்லை. எங்கள் தோட்டத்தின் படம் என்று சொல்ல எனக்கு அந்தப் புள்ளி போதும்.