மார்க் அண்ணாச்சியின் வலது கண்

பத்துக்கு எட்டு மார்க் வாங்கும் தகுதியுள்ள எதையும் கடவுள் இன்னும் படைக்கவில்லை என்று மார்க் அண்ணாச்சி உறுதியாக நம்பினார். தன் கல்யாண விருந்துக்கு அவரே போட்டது ஐந்து. என் முதல் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன். "ஆறரை. மூக்கு தேறும்" என்றார்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு வேலையே மார்க் போடுவதுதான். சாயங்காலம் பொட்டலில் ஒவ்வொரு ஆர்டரிலிருந்தும் ஒரு வாணம் விடுவார்கள். அவர் அண்ணாந்து பார்த்துச் சொல்வார். கெமிஸ்ட்ரி படித்த கிளார்க்கான நான் எழுதிக்கொள்வேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தபோது, வாணமே விடாத ஒரு மத்தியானத்தில், "நாலு" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"கண்ணு ஓரமா ஒரு வெள்ளைப் பொறி. சத்தமில்ல, கலரில்ல. மூணு நாளா வருது. எழுதிக்கோங்க தம்பி."

சிரித்துக்கொண்டே எழுதினேன். பொறியைப் பார்த்தே பிழைக்கிறவர் கண்ணில் பொறி பறந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? மறுநாள் வலது கண் ஓரத்தில் கறுப்புத் திரை விழுந்த பிறகுதான் மதுரைக்குப் போனார்.

விழித்திரை சுவரொட்டி மாதிரி உரிகிறது, நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது, இரண்டு மூன்று நாளில் ஆபரேஷன் செய்தால் பார்வை தப்பும் என்றார் டாக்டர். பிறகு பல நாள் குப்புறப் படுக்க வேண்டுமாம்.

"சீசன்ல குப்புறப் படுத்தா வானத்த யாரு பாப்பா? தீபாவளி வரைக்கும் தள்ளிப்போட வழி இருக்கான்னு பாருங்க தம்பி. நீங்க படிச்சவுக."

படித்தவனாயிற்றே. சிவகாசியில் பிரௌசிங் சென்டருக்குப் போய் இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்து வந்தேன். உரிந்த விழித்திரைக்கு ஆக்ஸிஜன் ஒழுங்காகக் கிடைக்காமல், தாறுமாறான ஆக்ஸிஜனேற்றத்தில் செல்கள் சாகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் அதைக் குறைக்கலாம் என்று போட்டிருந்தது. அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"வெடியுப்பு சேந்தா மருந்து எரியுதுல்ல? அது கணக்கா கண்ணுக்குள்ள எரியுது அண்ணாச்சி. நெல்லிக்காய், கேரட், கீரையில அத அமத்துற சத்து இருக்கு."

அதில் சொன்ன சோதனை நடந்தது எலிகள் மேல் என்பதை நான் சொல்லவில்லை. எந்தச் சத்தும் உரிந்ததை ஒட்டவைக்காது என்பதையும் சொல்லவில்லை. என் விளக்கம் எனக்கே அவ்வளவு பிடித்திருந்தது.

அண்ணாச்சி நெல்லிக்காயை மூட்டையாக வாங்கினார். மடியில் கேரட். மூன்று வேளையும் பொன்னாங்கண்ணி. "ஆடுகூட இம்புட்டுத் திங்காது" என்றார் அவர் மனைவி. நான் மதினி என்று கூப்பிடுவேன்.

பத்தாம் நாள் பொட்டலில் அவர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணாந்து நின்றார். வாணம் பச்சையும் சிவப்புமாக விரிந்து அணைந்தது.

"விட்டாச்சா தம்பி?" என்றார்.

ஆபரேஷன் செய்து விழித்திரையை ஒட்டினார்கள். பார்வை ஒட்டவில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறக் கிடந்தவரிடம் மதினி கேட்டார்:

"எந்தப் பாவி பேச்சக் கேட்டு இப்பிடித் தள்ளிப்போட்டீக?"

நான் கால்மாட்டில் நின்றிருந்தேன்.

"யாரும் சொல்லல. எனக்குத்தான் சீசன் ஆசை" என்றார் தலையணைக்குள்ளிருந்து. "தம்பி காலையில இருந்து நிக்காக. ரெண்டு இட்லி வாங்கிக் குடு."

அந்த இட்லியைத் தின்றேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. மதினி, இதைப் படித்துவிட்டு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வீட்டுப் பக்கம் வராதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அண்ணாச்சியைப் பார்க்காவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடாது.