ஆயுத பூசைக்கு வைத்த பிஸ்டல்

முட்டாள்தனம் தனியாக வந்தால் தப்பிவிடலாம். பக்தியையும் கூட்டிக்கொண்டு வந்தால் தப்ப வழியே இல்லை. அந்த ஆயுத பூசையை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல ஆத்திரம் வருகிறது.

கொலோனில் குறிபார்த்துச் சுடும் சங்கம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். (தமிழ்ச் சங்கத்தில் பதவிச் சண்டை பிடித்துக் களைத்த பிறகுதான். இங்கே சுடப்படுவது கடதாசி மட்டும்.) ஒரு வருடத்துக்கு மேல் பயிற்சி, பரீட்சை, Antrag என்கிற விண்ணப்பம் என்று அலைந்து அனுமதி எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினேன். கம்பனி கொஞ்சமாகவே செய்து, ஒவ்வொன்றிலும் எண் பொறித்து விற்ற பெரிய பிஸ்டல். இவ்வளவு எடுப்புக் காட்டும் அது தின்பது என்னவோ சாதாரண ஒன்பது மில்லிமீற்றர் தோட்டா. எந்தத் துவக்குக் கடையிலும் பருப்பு மாதிரிக் கிடைக்கும். சட்டம் ஒன்றுதான்: வீட்டில் இரண்டும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும். தவறினால் அனுமதி போய்விடும்.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் தேடிப்போய் வாங்கிக்கொண்டு வாறியள்," என்றாள் என் மனைவி வதனி. விசரன் நான், கேட்டேனா?

ஆயுத பூசையன்று அவள் கத்தி, தையல் மெசின், கார்த் திறப்பு எல்லாம் சாமிப்படத்துக்கு முன் அடுக்கினாள். அவளுடைய தம்பி சுதன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"வீட்டிலை உண்மையான ஆயுதம் இருக்கேக்கை, தேங்காய் துருவிக்குப் பொட்டு வைக்கிறியளே அத்தான்?"

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தேன். பிஸ்டலைத் தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் பூசினேன். சுற்றிவர தோட்டாக்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தேன். (ஒன்றைக்கூட விடவில்லை. அவ்வளவு சிரத்தை!) பிறகு சோடாப் போத்தல் எடுக்க நிலவறைக்குப் போனேன்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான், ஆயுதம் ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, அனுமதி தந்த அரசு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். கதவைத் திறந்த சுதன் என்ன செய்தான்? பூசை நாளில் வந்த விருந்தாளி என்று சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, நேரே சாமிப்படத்துக்கு முன் கூட்டிப்போய், கையில் கடலையும் கொடுத்திருக்கிறான், படுபாவி!

நான் மேலே வந்தபோது அந்த அம்மா கடலையோடு அசையாமல் நின்றார். நீங்கள் கீழே இருந்தபோது இதற்கு யார் காவல் என்று அமைதியாகக் கேட்டார். என் வாய் இருக்கிறதே, அதைத் தைத்திருக்க வேண்டும்.

"அம்பாள்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுத்துப் பிழை வரக்கூடாதென்று சுதன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். பிஸ்டலும் தோட்டாவும் அன்றைக்கே அவரோடு போயின, சந்தனத்தோடு. சில வாரத்தில் அனுமதியும் போனது. கடைசியில் பிஸ்டலை என் சங்கத் தோழன் ஹொல்கருக்கு விற்க வேண்டியதாயிற்று.

அவன் வதனியிடம் குங்குமம் கேட்டு வாங்கிப் போனான். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்புகிறான்: பிஸ்டலை உள்ளே வைத்துப் பூட்டிய இரும்புப் பெட்டி, அதன் கதவில் வட்டமாக ஒரு பொட்டு.

வதனி அதை வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் நீட்டுகிறாள்.

"பாருங்கோ, கதவிலை வைச்சாலும் போதும் எண்டு ஜேர்மன்காரனுக்கு விளங்கியிருக்கு."