ஃபுல்லோடு ஏற்றிய ஃப்ளாப்பிகள்

கோலார் தங்கவயலில் என்னை அதிகமாகக் கத்தவைத்த மனிதர் ஃபுல்லோடுதான். என் புருஷனுக்கு இரண்டாவது இடம். அதுவும் வெகுதூரம் பின்னால்.

அவருடைய சொந்தப் பெயரை நானே டைப் அடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டை எங்கள் ஊரில் கேஜ் என்போம். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று கேஜில் ஆட்களை ஏற்றி, மணி அடித்து அனுப்புவது அவர் வேலை. ஓர் ஆள் குறைந்தாலும் விடமாட்டாராம். "ஃபுல் லோடு ஆவட்டும்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அப்படி ஒட்டிய பெயர்.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே சாவு வீடு மாதிரி இருந்த சமயம் அது. ஆளாளுக்கு மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். இவர் மட்டும் ஆண்டர்சன்பேட்டையில் நான் ஆபரேட்டராக இருந்த டி.டி.பி. கடைக்கு வந்து கம்ப்யூட்டர் கிளாஸில் சேர்ந்தார். அரை நரை, முழு வழுக்கை. கீபோர்டைத் தொடுவதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். துடைத்த கை துடைக்காததைவிட அழுக்காக இருக்கும்.

கூடப் படித்த பசங்கள் கம்ப்யூட்டரில் ரோஜாப்பூ வரைந்தபோது இவர் ஒரு புரோகிராம் எழுதினார். ஹார்ட் டிஸ்கில் இருக்கிற ஃபைல்களை ஃப்ளாப்பிகளில் எடுத்துவைக்க வேண்டுமென்றால், எத்தனை ஃப்ளாப்பி வேண்டும், எந்த ஃபைல் எதில் போக வேண்டும் என்று அது திட்டம் போட்டுக் கொடுக்கும். யோசனை உருப்படியானதுதான். ஆனால் திரையில் ஃப்ளாப்பி என்று வராது, கேஜ் என்று வரும். ஃபைலுக்குப் பெயர் ஆள். ஹார்ட் டிஸ்குக்குப் பெயர் அண்டர்கிரவுண்ட். ஒவ்வொரு கேஜுக்கும் ஆள் ஏற்றி முடிந்ததும் கம்ப்யூட்டர் மூன்று தடவை பீப் அடிக்கும். சுரங்கத்தில் மூன்று மணி அடித்தால் உள்ளே மனிதர்கள் ஏறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஜெராக்ஸ் எடுக்க வந்த பழைய தொழிலாளிகள் அந்தச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்தி, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு தலையைக் குனிவார்கள். கடைக்குள் நின்றபடியே கீழே இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

முதலாளி வந்து பார்த்தார்.

"இது எப்பய்யா காப்பி எடுக்கும்?"

"எடுக்காது சார். பிளான் மட்டும்தான்."

"அப்ப காப்பி யாரு எடுக்கறது?"

ஃபுல்லோடு விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

இந்தக் கூத்துக்கு நடுவே எங்கள் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. சுரங்கம் மூடினால், கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்ற பயத்தில், சாம்பியன் ரீப்ஸ் பகுதி ஜனங்கள் சேர்ந்து, பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கும் கோலார் டவுனில் ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மனு, கூடவே போட்டோ, வேலை பார்த்த சர்டிபிகேட். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்ததில் ஒரு ஃப்ளாப்பியில் நாலைந்து மனு போனாலே அதிகம். வக்கீல் சொன்ன கெடுவுக்குள் மனு போகாத வீடு வழக்கில் சேராது. சேராத குடும்பம் தெருவில் நிற்க வேண்டியதுதான். ஃபுல்லோடும் அப்படி ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தார். அவர் மனுவும் அதில் இருந்தது.

மனுக்களை அடித்து முடிக்கிற நேரத்தில் ஹார்ட் டிஸ்க் பாறையில் டிரில் போடுவது மாதிரி கர் கர் என்றது. உடனே காப்பி எடுக்க வேண்டும். ஃபுல்லோடு தன் புரோகிராமை ஓட்டினார். அது கேட்ட ஃப்ளாப்பிகளின் எண்ணிக்கையைப் பார்த்து முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணா இது, எல்லாம் பாதி காலியா போவுது?"

"அப்டிதாம்மா போவும்."

"ஃபுல்லோடுன்னு பேரை வெச்சிக்கினு பாதி லோடு அனுப்புறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல."

"ஆறுமுகமும் அவர் புள்ளையும் ஒரே வீடு. ரெண்டு மனுவையும் ஒண்ணா போட்டா இன்னா?"

"அப்பனையும் புள்ளையையும் ஒரே கேஜ்ல ஏத்தமாட்டேன்."

அப்பன் பிள்ளையோடு நிற்கவில்லை. அண்ணன் தம்பி கூடாது, மாமன் மச்சான் கூடாது, சம்பந்திகள்கூடக் கூடாது. எங்கள் லைனில் சொந்தமில்லாதவன் யார்? அதனால்தான் பாதி காலி.

"அந்த சம்பந்திங்க ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்லண்ணா."

"சாவுக்கு வருவாங்க இல்ல? அப்ப சொந்தம்தான்."

நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அச்சில் போட முடியாது. கேட்டு முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒருதபா கேஜ் நடுவுல நின்னுபோச்சும்மா. லோடு நெறையட்டும்னு அப்பன் புள்ள ரெண்டு பேரையும் நான்தான் ஏத்தி அனுப்பினேன். மேல ஏத்தறதுக்குள்ள அந்த வீட்டுப் பொம்பள வந்து ஷாஃப்ட் வாயில நின்னுக்கினா. ரெண்டு பேரும் முழுசாதான் வந்தாங்க. ஆனா அதுவரைக்கும் அவ நின்னா பாரு. ஒருத்தன் மேல இருந்தா அவனையாவது பக்கத்துல நிறுத்தியிருப்பேன். குடுக்க ஒண்ணுமில்ல எங்கிட்ட."

முதலாளி எழுந்து ஃப்ளாப்பி வாங்கப் போனார். நான் உட்கார்ந்து அந்த ஆள் சொன்னபடியே காப்பி எடுத்தேன். திட்டிக்கொண்டேதான் எடுத்தேன். முடித்த மறுநாள் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது.

ஃப்ளாப்பியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இங்கே திறக்கும், அங்கே திறக்காது. வக்கீல் ஆபீசில் சில ஃப்ளாப்பிகள் வாயே திறக்கவில்லை. ஆனால் அப்பன் போன வீட்டில் பிள்ளை இருந்தான், அண்ணன் போன வீட்டில் தம்பி இருந்தான். வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்களைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். எல்லா வீடும் வழக்கில் சேர்ந்தது, ஒன்றைத் தவிர. ஃபுல்லோடு வீடு. அவர் ஒண்டி ஆள். பிரித்து ஏற்ற இன்னொரு ஆள் அந்த வீட்டில் இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன் மனுவை ரெண்டு ஃப்ளாப்பியில போட்டிருக்கலாம் இல்ல?"

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒரே ஆளு எப்டிம்மா ரெண்டு கேஜ்ல போவான்?"

இத்தனை புரோகிராம் எழுதிய மனிதர், எல்லார் ஃபைலையும் காப்பி எடுக்கச் சொன்ன மனிதர், காப்பி என்றால் இன்னொன்று என்பதை மட்டும் யோசிக்கவே இல்லை. அவருக்கு அது ஃபைல் இல்லை, ஆள்.

கெடு முடிய மறுநாள் ஒன்றுதான் பாக்கி. முதலாளி இரவல் வாங்கிவந்த மெஷினில் அவர் மனுவைத் திரும்ப அடித்தேன். அவரைக் கேட்காமல் இரண்டு ஃப்ளாப்பியில் போட்டேன். ஒன்று என் கைப்பையில், ஒன்று அவர் சட்டைப் பையில். ஒன்று திறக்காவிட்டால் இன்னொன்று. மனு கெடு நாளிலேயே சேர்ந்துவிட்டது, வீட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அந்தப் பயணத்தை.

காலையில் பஸ் ஸ்டாண்டில் கோலார் பஸ் நின்றது. நான் ஏறிவிட்டேன். அந்த ஆள் கீழேயே நின்றார்.

"ஏறுண்ணா. சீட்டு இருக்குது."

"நீ போம்மா. நான் அடுத்ததுல வரேன்."

"இவ்ளோ காலியா இருக்குது, இன்னாத்துக்கு அடுத்தது?"

"காலியா இருந்தா? நீயும் நானும் ஒரே வண்டியிலயா போறது?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. கிறுக்கு மனுஷன், பொம்பளை பக்கத்தில் உட்கார வெட்கப்படுகிறார் என்று நினைத்துப் பங்காருப்பேட்டை வரைக்கும் திட்டிக்கொண்டு போனேன். அங்கேதான் அவருடைய கேஜ் கணக்கு எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. நானும் அவரும் எந்த வகையிலும் சொந்தம் கிடையாது. சாதி வேறு, கும்பிடுகிற சாமி வேறு, இருக்கிற லைன் வேறு.

கோலாரில் இறங்கி நேராக வக்கீல் ஆபீசுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த பஸ் வந்து அந்த வழுக்கைத் தலை படியில் தெரிகிற வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.