இனித்த ஓமம்

அந்த பீரோவைத் தொடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு முடிவெடுத்தேன்.

என் மைத்துனர் வீடு மாறுகிறார். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பீரோ இரும்பு. நானோ பூகோள வாத்தியார். உலகத்து மலைகளின் உயரமெல்லாம் எனக்கு மனப்பாடம்; ஏறச் சொன்னால்தான் மூச்சு முட்டும்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் சரிந்தேன்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"வாயு. வயிறு கல்லாட்டம் இருக்கு. உங்க அண்ணன்கிட்ட நான் வரலைன்னு..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல வயித்தைப் பார்ப்போம்." அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "ஓமம். நல்லா மென்னு தின்னுங்க."

"ஒரு மாத்திரை போதுமே!"

"உங்க வாய்க்கும் வாயுவுக்கும் இதுதான் சரி. இதுல ஒரு விசேஷம் இருக்கு. நிஜமாவே வாயு இருந்தா இனிக்கும். நடிக்கிறவங்களுக்குத்தான் கார்க்கும்."

அரை ஸ்பூன் வாயில் போட்டேன். நாக்கு சுள்ளென்றது. காது வழியாகப் புகை வந்தது.

"எப்படி இருக்கு?"

"தேன்! தேனேதான்!"

"ஐயோ பாவம், அவ்வளவு வாயுவா?" இன்னொரு அரை ஸ்பூன். "இப்போ?"

"கற்கண்டு."

"இன்னும் குறையலையே!"

மூன்றாவதுக்கு வெல்லம் என்றேன். நாலாவதுக்குச் சொல்ல உலகத்தில் இனிப்பே மிச்சமில்லை. நாக்கு இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"சார் ஏம்மா அழறாரு?"

"ரொம்ப இனிக்குதாம்."

ஐந்தாவது ஸ்பூன் நெருங்கியது. என் வீரம் அங்கேயே விழுந்தது.

"வேண்டாம்! கார்க்குது! எரியுது! நாக்கே போச்சு!"

அவள் முகம் மலர்ந்தது. "கார்க்குதா? அப்பாடா! வாயு மொத்தமும் போயிடுச்சு!" லாரியோடு வந்து வாசலில் நின்ற அண்ணன் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அண்ணா! இவருக்குச் சரியாயிடுச்சு. லாரியில ஏத்திக்கோ!"

பீரோவின் கனமான பக்கம் எனக்குத்தான் வாய்த்தது. அதற்குள் இருந்த எதையும் மைத்துனர் வெளியே எடுக்கவும் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டு நின்றபோது, ஒரே ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு மனைவி என்னைத் தாண்டிப் போனாள்.

"ஏய், நில்லு. ஓமம் இனிக்கும்னு உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான். இதுக்கு முன்னாடி யாரும் சொன்னதில்லைங்க."